வீடு முழுக்க வைஃபை எட்ட: கொங்கு வீடுகளுக்கும் தறிக்குடோன்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் புது இணைப்பு கொடுக்க வருபவர்கள் ஃபைபர் வயரை முன்பக்க ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் பார்த்து, அங்கேயே வைஃபை பெட்டியை (ரவுட்டரை) மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது வீட்டின் ஒரு மூலை. சமையலறையும் பின்னறையும் மாடி அறையும் அங்கிருந்து இரண்டு மூன்று சுவர் தள்ளி இருக்கும். பின்னறையில் படிக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வரும். வீட்டுக்காரர் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு ஏற்றுவார். மாதப் பில் கூடும், பின்னறையில் ஒன்றும் மாறாது.

நீங்கள் காசு கட்டும் வேகம் பெட்டி வரைக்கும்தான் வருகிறது. பெட்டியிலிருந்து கைபேசி வரைக்கும் உள்ள வழி நம் பொறுப்பு. அந்த வழியைச் சரிசெய்ய ஒரு வரிசை இருக்கிறது: முதலில் அளவு, அடுத்து இடம், அடுத்து வயர், கடைசியில்தான் புதுப் பெட்டி. பெரும்பாலானவர்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து பணத்தை விடுகிறார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: சிக்னலை எண்ணில் பாருங்கள்

கைபேசியின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில், அதாவது டெசிபெல் கணக்கில் காட்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், அதனால் -40 என்பது -70ஐ விட வலுவானது. -50 வரை அருமை. -67 வரை வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓடும். -75க்குக் கீழே போனால் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ திணறும். -80ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலை நடக்காது.

இந்தக் கணக்கில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. -60க்கும் -80க்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம்.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையால் போடுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் உண்மையில் உட்காரும் இடத்தில் நில்லுங்கள்: கட்டிலின் தலைமாடு, படிக்கும் மேஜை, சமையல் மேடை. கதவைச் சாத்திவிட்டு, அரை நிமிடம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள். ரவுட்டர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், அளக்கும் வரைக்கும் ரவுட்டரில் பெயரைப் பிரித்து வையுங்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டாம்போக்குதான்.

இரண்டாம் படி: உங்கள் சுவர் எவ்வளவு தின்கிறது?

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் போகும். வீட்டுக்குள் தூரத்தைவிடச் சுவர்தான் பெரிய செலவு. நாலரை இஞ்ச் செங்கல் தடுப்பு 2.4ல் சுமார் 3 முதல் 5 டெசிபெல் எடுக்கும். ஒன்பது இஞ்ச் சுவர் 6 முதல் 10 எடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 15 முதல் 25 வரை விழுங்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இவை எல்லாமே இன்னும் கூடும். அலைநீளம் 2.4ல் சுமார் 12 செ.மீ., 5ல் 6 செ.மீ.க்கும் குறைவு. அதனால்தான் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்குள் வேகமாகவும், சுவர் தாண்டினால் சோர்ந்தும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் ஹாலில் பெட்டி, பக்கத்தில் நின்றால் -40. இரண்டு ஒன்பது இஞ்ச் சுவர் தாண்டினால் 16 போய் -56. தூரம் இரண்டு முறை இரட்டிப்பானால் இன்னொரு 12 போய் -68. இது கீழ்த்தளத்துப் பின்னறை, ஓரளவு ஓடும். அதற்கு நேர் மேலே மாடி அறைக்குப் போங்கள். தளம் 20 எடுத்துக்கொண்டால் -88. அங்கே வைஃபையே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டராக இருந்தாலும் இந்தக் கழித்தலைத் தப்ப முடியாது. அதோடு, ரவுட்டரின் குரல் கைபேசிக்குக் கேட்டால் மட்டும் போதாது, கைபேசி பதில் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். கைபேசியின் சக்தி ரவுட்டரைவிடக் குறைவு. எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை வாங்கியும் மாடியில் 'கோடு முழுசா இருக்கு, ஓடத்தான் மாட்டேங்குது' என்று சொல்வது இதனால்தான்.

சுவரைச் சாய்வாகக் கடந்தால் செலவு இன்னும் கூடும். ஒன்பது இஞ்ச் சுவரை 45 பாகையில் கடக்கும் அலைக்கு அது கிட்டத்தட்ட பதின்மூன்று இஞ்ச் சுவர். வரைபடத்தில் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எந்தக் கோடு சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு போகிறதோ அந்த அறைதான் திணறும்.

சுவரைவிட மோசமானவை சில உண்டு: இரும்பு பீரோ, எவர்சில்வர் பாத்திர அடுக்கு, ஃபிரிட்ஜ், ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடி, ஜன்னலில் ஒட்டும் உலோகப் பூச்சுள்ள வெயில் தடுப்பு ஃபிலிம், கூரை ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்க ஒட்டும் பளபளப்பான அலுமினிய விரிப்பு. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் விழுங்கிவிடும், அதனால் மீன் தொட்டியும் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கும் கூட இந்தக் கணக்கில் சேரும். புது வீட்டில் பூச்சு காயும் முன் அளந்தால் எண் மோசமாகவே வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு முறை அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: இருக்கிற பெட்டிக்குச் சரியான இடம்

இதற்குக் கொஞ்சம் வயரைத் தவிரச் செலவில்லை. பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். டிவி அலமாரிக்குள், டிவியின் முதுகுக்குப் பின்னால், தரையில், பூஜை அறைச் செல்ஃபின் மூலையில் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, அதனால் அதற்குப் பக்கத்திலும் வேண்டாம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியை முன் ஜன்னலிலேயே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கு நெட் வயர் செருகும் துளை) பத்துப் பதினைந்து மீட்டர் கேட் 6 வகை நெட் வயர் இழுத்து ரவுட்டரை நடு ஹாலுக்குக் கொண்டுவரலாம். ஃபைபரையே நகர்த்த நினைத்தால், அதை முழங்கை மாதிரி மடக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, சின்ன மடிப்பிலேயே ஒளி கசிந்து சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும்.

ஆன்டெனாவைப் பற்றி ஒரு வார்த்தை. குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை கிளம்பும் வடிவம், உளுந்து வடையின் ஓட்டையில் குச்சியைச் செருகியது போல: பக்கவாட்டில் நிறைய, குச்சியின் நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. ஆகவே ஒரே தளத்துக்கு வேண்டுமென்றால் எல்லாக் குச்சியும் நிமிர்ந்து நிற்கட்டும். மாடிக்கும் எட்ட வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். மாடி அறையைப் பார்த்து நுனியை நீட்டி வைப்பது நேர் எதிரான பலனைத்தான் தரும்.

இனி வீட்டு வகை. இந்த இடத்தில் பொதுவான ஆலோசனை போதாது, நம் ஊர்க் கட்டடங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். மண்சுவரானாலும் கருங்கல்லானாலும் நேராகத் துளைத்துப் போக விடாது. ஆனால் அந்த வீட்டுக்கு நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: தொட்டி வாசல், அதாவது திறந்த முற்றம். நான்கு பக்கத்து அறைகளும் அதைப் பார்த்துத்தான் கதவு திறக்கின்றன. தாழ்வாரத்துத் தூணில், சாரல் படாத உயரத்தில், வாசலைப் பார்த்தபடி ஒரு பெட்டியை வைத்தால் அலை கதவு வழியாகவே நான்கு பக்கமும் நுழையும். முன்பக்க ஆசாரத்தில் வைத்த அதே பெட்டியைவிட இது பல மடங்கு உதவும். ஓட்டுக் கூரை அலையை அதிகம் தடுக்காது, சுவர்தான் தடுக்கும்.

ஆர்சிசி மாடி வீட்டில் தளம்தான் எதிரி. உள்படிக்கட்டு இருந்தால் படி ஏறும் அந்தத் திறப்பு, தளத்தில் நமக்குக் கிடைத்த ஒரே ஓட்டை. பெட்டியைப் படிக்கட்டின் அருகே கொண்டுபோனால் மாடியின் முன் ஹால் வரை சிக்னல் வரும். மாடியை வாடகைக்கு விடுவதற்காக வெளிப்படி வைத்த வீடுகளில் அந்த ஓட்டையும் கிடையாது. அங்கே வயர் இழுத்தே ஆக வேண்டும்.

நான்காம் படி: வயர்

வேலையில் பாதி இதுதான், ஆனால் இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். வீடு கட்டுபவர்களுக்கு முதலில் சொல்கிறேன். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே, ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடு சீலிங்குக்கும் ஒரு இஞ்ச் பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். கரண்டு பைப்போடு சேர்க்காமல் தனியாக இருக்கட்டும். பைப்புக்குள் இழு கம்பி ஒன்றையும் விட்டு வையுங்கள். மொத்தச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது. கோபி பக்கம் ஒரு வீட்டில் பூச்சு முடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற வயர்மேன் சொன்னார்: "ஏனுங்ணா, தளம் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு பைப் சேத்திப் போட்டிருப்பனுங்களே. இப்பப் பாருங்க, புதுப் பூச்சக் கொத்தோணும்." கட்டி முடித்த வீட்டில் சுவரில் காடி வெட்ட மனமில்லையென்றால், சீலிங் ஓரமாக கேசிங் பட்டை ஓட்டலாம். வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஏற்றுவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வயர் வாங்குங்கள். உள்வயர் வெயிலில் ஒன்றிரண்டு கோடையில் உறை வெடித்துவிடும்.

வாங்கும்போது முழுத் தாமிர வயரா என்று பாருங்கள். தாமிரம் பூசிய அலுமினிய வயர் விலை குறைவு, கட்டும் எடை குறைவு. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது எளிதில் ஒடியும். வயர் வழியாகவே கரண்டு அனுப்பும்போது சூடும் ஏறும். நல்ல கேட் 6ல் இரண்டு முனைக்கும் இடையே 100 மீட்டர் வரை போகலாம், எந்த வீட்டுக்கும் அது போதும்.

முனையில் ஆர்ஜே45 என்ற நெட் வயர் பிளக்கை மாட்டுவதை ஒருமுறை கற்றுக்கொண்டால் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. உறையை முக்கால் இஞ்ச் உரித்து, எட்டு இழைகளையும் முறுக்குப் பிரித்து நேராக்கி, இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கொக்கி கீழே, வயர் நுழையும் துளை உங்கள் பக்கம் பார்க்க இருந்தால் இடமிருந்து வலம் இந்த வரிசைதான். நுனிகளை ஒரே மட்டத்தில் வெட்டி உள்ளே தள்ளுங்கள். எட்டு தாமிர நுனியும் பிளக்கின் முன்முகத்தில் மினுங்க வேண்டும். வெளியுறையும் பிளக்குக்குள் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்தால் கையோடு வந்துவிடும். பிறகு கிரிம்பிங் டூலில் ஒரே அழுத்து. இரண்டு முனையிலும் ஒரே வரிசை.

மாட்டியதும் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அந்தத் துளை 1000 எம்பிபிஎஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால், சாதனங்கள் இரண்டும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருக்கும் பட்சத்தில், நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று அர்த்தம். பிளக்கை வெட்டி மறுபடி மாட்டுங்கள். காடியை மூடும் முன் சுவரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டிரில் போடுபவர் வயரைத் துளைக்காமல் இருக்க உதவும்.

ஐந்தாம் படி: இரண்டாவது பெட்டி

வயர் வந்துவிட்டால் அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி. சீலிங்கில் ஒட்டும் வகை பெரும்பாலும் பிஓஇ கொண்டது, அதாவது நெட் வயரிலேயே கரண்டும் போகும், சீலிங்கில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. தளத்துக்கு ஒன்று, நடு ஹால் சீலிங்கில். சாதாரண மூன்று படுக்கையறை வீட்டுக்கு இது தாராளம்.

பழைய ரவுட்டர் ஒன்று அட்டத்தில் கிடந்தால் அதையும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றலாம். அதன் அமைப்பில் ஏபி மோட் (ஆக்சஸ் பாயிண்ட் மோட்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத எண்ணுக்கு மாற்றி, வயரை வேன் துளையில் (வெளி இணைப்பு வரும் துளை) செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். இதைச் செய்யாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உருவாகிவிடும். கீழே உள்ள பிரிண்டர் மாடிக் கணினிக்குத் தெரியாது.

வயர் போட வழியே இல்லையென்றால் மெஷ், அதாவது வயரில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பெட்டிகள். அதன் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள். அதற்கே நல்ல சிக்னல் கிடைத்தால்தான் அது மற்றவருக்குக் கொடுக்கும். முதல் பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், -60 அளவு கிடைக்கும் இடத்தில் வையுங்கள், மாடி வீடானால் படிக்கட்டு முனையில். சிக்னலை வாங்கித் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வையுங்கள். அப்போதுதான் கீழிருந்து மாடிக்குப் போகும்போது கைபேசி தானாக மாறிக்கொள்ளும். மாறாமல் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தால், பெட்டிகளின் சக்தியைக் குறையுங்கள். விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் இரண்டு பெட்டிகள் உள்ள வீட்டில் 2.4ன் சக்தியை நடுத்தரத்துக்கு இறக்கினால்தான் கைபேசி சீக்கிரம் அடுத்ததற்குத் தாவும்.

ஆறாம் படி: சேனல்

ஒவ்வோர் அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4ல் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. கீழே 1 என்றால் மாடிக்கு 6 அல்லது 11 கொடுங்கள். பக்கத்து வீட்டோடு மோதாமல் இருக்க 3, 4 என்று நடுவில் வைப்பது இரு பக்கத்துக்கும் தொல்லை. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். சிங்காநல்லூர், கணபதி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் 2.4 எப்போதும் நெரிசல்தான், அங்கே கைபேசி, டிவி, மடிக்கணினியை 5க்கு மாற்றிவிட்டு, 2.4ஐ கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்கு விட்டுவிடலாம். 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149க்கு மேல் வைத்து, அகலம் 80 கொடுங்கள். இடையிலுள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு முன்னுரிமை உள்ளவை. ரேடார் சிக்னல் போல ஏதாவது கேட்டால் பெட்டி வேறு சேனலுக்குப் போயாக வேண்டும், இணைப்பு நடுவில் அறுபடும்.

தறிக்குடோன், பனியன் கம்பெனி

பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்குடோன்களில் மோட்டார் ஓடுவதால்தான் வைஃபை வருவதில்லை என்று பலர் சொல்கிறார்கள். மோட்டாரின் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை பெரிதாக ஏறுவதில்லை. தடுப்பது வரிசையாக நிற்கும் இரும்புத் தறிகளும் தகர ஷீட்டும்தான். பெட்டியைக் கூரையின் உச்சியில் கட்டாமல், தறியின் தலைக்கு மேல், பத்தடி உயரத்தில் தூணில் கட்டுங்கள். தறி வரிசைக்குக் குறுக்காகப் பார்க்காமல், நடைபாதை நீளத்துக்குப் பார்க்கும்படி வையுங்கள். பஞ்சு தூசி பெட்டியின் காற்றுத் துளைகளில் மெத்தை போலப் படிந்துவிடும். உள்ளே சூடு ஏறி, மதியத்தில் பெட்டி தானாக அணைந்து எழும். துளையில்லாத மூடிய வகையை வாங்குவது நல்லது, இல்லையென்றால் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டே ஆக வேண்டும். திருப்பூர் கம்பெனிகளில் உலர்ந்த துணிக் கட்டுகள் பெரிய தடையில்லை. ஈரத்துணி அடுக்கும் இடமும் இரும்பு ரேக்கும்தான் தடை.

தோட்டத்து வீடும் இடியும்

தோட்டத்து வீட்டிலிருந்து கட்டுத்தரைக்கோ மோட்டார் ரூமுக்கோ நெட் கொண்டுபோகும்போது பலர் மரத்துக்கு மரம் கேட் 6 இழுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சித்திரை கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி பக்கத்தில் எங்கே விழுந்தாலும் அந்தத் தாமிர வயரில் மின்னழுத்தம் ஏறி, இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான் பாதுகாப்பு. அதிலும் உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனையிலும் ஃபைபரை நெட் வயராக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று போதும், தூரமும் பிரச்சினையில்லை. தென்னந்தோப்புக்கு நடுவே காற்றில் இணைப்பதானால் ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அரை கிலோமீட்டர் தூரத்துக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் நடுவழியில் எல்லாப் பக்கமும் இரண்டரை மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். ஈரமான மட்டை ஆடும் இடத்தில் அது கிடைக்காது.

கரண்டுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் சிலருக்கு நெட் போய்விடும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்டுக்குக் கரண்டு கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா பாருங்கள், ஒன்று வெளியே இருந்தாலும் சங்கிலி அறும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று படித்துவிடுங்கள்.

கடைசிப் படி: மறுபடி அளவு

எல்லாம் மாட்டியதும் பழைய வரைபடத்தை எடுத்து, அதே இடங்களில், கதவைச் சாத்தி, புது எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். பகலில் ஒருமுறை, அக்கம்பக்கம் எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை. எல்லா இடத்திலும் -67க்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. எண் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் குறைந்தால், ஒரு மடிக்கணினியை வயரில் நேராக ஃபைபர் பெட்டியில் செருகிப் பாருங்கள். அதிலும் குறைந்தால் வீட்டில் குறையில்லை, இணைப்பு கொடுத்தவரிடம்தான் பேச வேண்டும். வயரில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் சேனலை மாற்றுங்கள். ஒரே ஒரு அறை மட்டும் -75லேயே நிற்கிறது என்றால், அந்த அறைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் பீரோவை முதலில் அடுத்த சுவருக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.